சமூகப் பாடங்களைப் பரீட்சைக்குள் தொலைக்காமல் கற்பிப்பது எப்படி?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் நெளுக்குளத்திலும் சூழவுள்ள வவுனியாக் கிராமங்களிலும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் பாடமாக்கியாயிற்று. கடந்தகால வினாத்தாள்களும் செய்தாயிற்று. ஆனாலும் ‘எஸ்’ தான் வருகிறது. இன்னும் எத்தனை வினாத்தாள் செய்ய வேண்டும்?”

இன்னும் வினாத்தாள்களைக் குவிப்பதால் பெரிய பயன் இராது. வினாத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னர் நடந்திருக்க வேண்டிய கற்றல் நடக்கவில்லை என்பதே பெரும்பாலான பிள்ளைகளின் நிலை. அதைச் சரிசெய்யலாம். அதற்குப் பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை, பரீட்சையை வெறுக்க வேண்டியதுமில்லை. தரம் 6 முதல் 11 வரை வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி ஆகிய சமூகப் பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களையும், அப்பிள்ளைகளின் பெற்றோரையும் மனத்தில் வைத்து இந்த ஆலோசனைகள் எழுதப்படுகின்றன.

ஏன் இப்படி ஆகிறது?

முதற் காரணம், பாடங்கள் துண்டுபட்டிருப்பது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றையும் சேர்த்து ‘சமூகக் கல்வி’ என்ற ஒரே பாடமாக்கியது. பின்னர் அது ‘சமூகக் கல்வியும் வரலாறும்’ என்ற பெயரில் சாதாரண தரத்தில் இருந்தது. 2000களில் வந்த மாற்றங்களோடு வரலாறு தனிக் கட்டாயப் பாடமாயிற்று. புவியியலும் குடியுரிமைக் கல்வியும் மாணவர் விரும்பித் தெரியும் தொகுதிப் பாடங்களாயின. இதனால் ஒவ்வொரு பாடத்திலும் ஆழம் கூடியது உண்மை. ஆனால் குளத்தைப் பற்றி வரலாற்றுக் கொப்பியில் மன்னர்களின் பணியாகவும், புவியியற் கொப்பியில் உலர்வலய நீர்ப்பாசனமாகவும், குடியுரிமைக் கல்விக் கொப்பியில் பொதுச் சொத்தாகவும் எழுதும் பிள்ளைக்கு, மூன்றும் தன் ஊர்க் குளத்தைப் பற்றியவைதான் என்பது தெரிவதில்லை.

இரண்டாவது, பாடங்களுக்கிடையே உருவாகிவிட்ட உயர்வு தாழ்வு. உயர்தரம் கற்பதற்கு 6 பாடங்களில் சித்தியும் அவற்றில் 3இல் திறமைச் சித்தியும் வேண்டும். தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் சித்தியடைந்திருக்க வேண்டும். ஆகவே பாடசாலையின் பெறுபேற்றைப் பேசும்போது கணிதமே முதலில் பேசப்படுகிறது. வரலாறு ‘எப்படியும் பாஸ் பண்ணலாம்’ என்ற பட்டியலில் போய்விடுகிறது. வரலாற்றுப் பாடவேளை கணித மீட்டலுக்குக் கைமாறுகிறது. வரலாற்றைச் சிறப்பாகக் கற்காத ஆசிரியருக்கும் அந்தப் பாடவேளை ஒதுக்கப்படுவதுண்டு. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டம் ஒன்று வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் பொதுப் பரீட்சையைக் கட்டாயமாக்கியது. சில ஆண்டுகளிலேயே அங்கும் பல ஆரம்பப் பாடசாலைகளில் சமூகக் கல்விக்கான நேரம் சுருங்கியது. எதை அளக்கிறோமோ அதற்குத்தான் நேரம் போகும். நிருவாகத்தின் இயல்பு அது. தனி ஆசிரியரின் குற்றமல்ல.

மூன்றாவது, வினாத்தாளின் வடிவமே கற்பித்தலின் வடிவமாகிவிடுவது. வரலாற்று வினாத்தாளின் முதற் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள் (தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்பவை) உள்ளன. இரண்டாம் பகுதியில் படங்குறித்தலும் எழுத்து விடைகளும் வருகின்றன. ஆண்டு முழுவதும் முதற் பகுதிக்கு ஏற்ற துணுக்குத் தகவல்களாகவே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் பகுதியில் பிள்ளை திணறும். புள்ளி குறைவது பெரும்பாலும் அங்கேதான். இந்தப் பழக்கம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலேயே தொடங்கிவிடுகிறது. வெளியே போய்ப் பார்த்துச் செய்ய வேண்டிய ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’, பல வகுப்பறைகளில் பயிற்சிப் புத்தக வினாக்களாகவே முடிகின்றன.

நான்காவது, வன்னிக்குரியது. இங்குள்ள பெற்றோரில் பலருடைய பாடசாலைக் காலம் இடம்பெயர்வால் அறுந்தது. 2009இல் வவுனியாவின் பல பாடசாலைகளே இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களாயின. தாம் தொடர்ந்து படிக்க முடியாமற் போன பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்கும் பெற்றோர், ரியூசன் வகுப்பையும் சுருக்கக் குறிப்புப் புத்தகத்தையும் நம்புகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியவை பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களாகக் கணிக்கப்படுபவை. இங்குள்ள பிள்ளைக்குப் பரீட்சை ஒரு முக்கியமான வழி. “புள்ளி முக்கியமில்லை” என்று சொல்லும் ஆலோசனை எதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு நேர்மையான ஆலோசனை ஆகாது.

எப்படிக் கண்டறிவது?

மனனம் செய்துவிட்டுப் புரியாமல் இருக்கும் பிள்ளையைச் சில அடையாளங்களால் அறியலாம். ஒரு வாரம் கவனித்தால் போதும்.

வினாவின் சொற்களை மாற்றினால் விடை வராது. “டொனமூர் அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு எது?” என்றால் 1931 என்று உடனே சொல்லும் பிள்ளை, “உங்கள் பூட்டியின் காலத்துப் பெண்கள் முதன்முதலில் எப்போது வாக்களித்திருப்பார்கள்?” என்றால் விழிக்கும்.

ஆண்டுகள் தெரியும், வரிசை தெரியாது. 1833, 1910, 1931, 1947 ஆகியவற்றை ஒப்புவிக்கும். ஒரு மாற்றத்தில் இருந்த குறை அடுத்த மாற்றத்துக்கு எப்படி வழிவிட்டது என்று சொல்லாது.

பெயர் தெரியும், இடம் தெரியாது. வெற்றுப் படத்தைக் கொடுத்தால் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள வவுனிக்குளத்தை வவுனியா நகரத்தில் குறிக்கும்.

கொப்பியில் ஆசிரியர் சொல்லி எழுதுவித்த குறிப்பு மட்டுமே இருக்கும். பிள்ளை தன் சொல்லில் எழுதிய ஒரு பந்திகூட இராது.

தவணைப் பரீட்சை முடிந்து இரண்டு வாரத்தில் பாடம் மறந்துபோகும். வகுப்பில் பிள்ளை கேள்வி கேட்பதுமில்லை.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். மூன்றுக்கு மேல் சேர்ந்திருந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். பிள்ளை மந்தம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

என்ன செய்யலாம்?

1. திரும்ப வாசிப்பதைக் குறைத்து, நினைவுகூர்வதைக் கூட்டுங்கள்.

2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடப்பந்தியை மீண்டும் மீண்டும் வாசித்தனர். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினர். 5 நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரத்துக்குப் பின்னரோ நினைவுகூர்ந்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். பரீட்சை 5 நிமிடத்தில் வருவதில்லை. மாதங்கள் கழித்தே வருகிறது.

ஆகவே ஒவ்வொரு பாடவேளையின் முதல் 5 நிமிடத்திலும் புத்தகத்தை மூடிவைத்து, கடந்த பாடத்திலிருந்து மூன்று விடயங்களை எழுதச் சொல்லுங்கள். புள்ளி போட வேண்டாம். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து பிள்ளையே திருத்தட்டும். சோதித்தல் என்பது இங்கே கற்கும் கருவி. பதற்றத்தை உண்டாக்குவது சோதனையைவிட அதனோடு ஒட்டிவரும் ஒப்பீடும் ஏச்சுமே.

2. புத்தகத்துக்கு முன் ஊர்.

தரம் 10 வரலாற்றில் பண்டைய நீர்ப்பாசனத் தொழில்நுட்பம் முக்கியமான பகுதி. பிசோகொட்டுவ (குளத்திலிருந்து வெளியேறும் நீரின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் கிணறு போன்ற அமைப்பு) பரீட்சையில் அடிக்கடி தொடப்படும் சொல். பிள்ளைகள் அதன் வரைவிலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். ஆனால் மன்னார் வீதியால் நாள்தோறும் வந்துபோகும் பிள்ளையிடம், ஊர்க்குளத்தின் துருசு (வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகு) எங்கே, வான் பாயும் கலிங்கு (மேலதிக நீர் வழியும் இடம்) எங்கே, இரண்டும் ஏன் வெவ்வேறு இடங்களில் உள்ளன என்று கேட்டுப் பாருங்கள்.

பாடத்தை இங்கிருந்து தொடங்குங்கள். குளக்கட்டைப் பார்த்து வந்து ஒரு பரும்படிப் படம் கீறச் சொல்லுங்கள். பின்னர் இந்த வினாக்களை வையுங்கள்: குளத்தில் நீர் உயர உயரத் துருசின் வாயில் அமுக்கம் என்னவாகும்? அடக்காவிட்டால் கட்டுக்கு என்ன நேரும்? இந்தச் சிக்கலைப் பிள்ளையே சொல்லிவிட்டால், பிசோகொட்டுவ அதற்குத் தீர்வாக வந்து நிற்கும். அதன்பின் அந்த வரைவிலக்கணத்தைப் பிள்ளை மறப்பது கடினம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்ற ஆங்கில நூலில் பிசோகொட்டுவையை ஆராய்ந்திருக்கிறார்; நம் பக்கத்து வவுனிக்குளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாடப்புத்தகத்தின் மன்னர்களுக்கும் வன்னிக்கும் உள்ள தொடர்பைக் காட்ட இந்த ஒரு குறிப்பே போதும்.

அதே படத்தைப் புவியியல் ஆசிரியர் காலபோகம், சிறுபோகம், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை ஆகியவற்றை விளக்கப் பயன்படுத்தலாம். சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலும் இருப்பதை, நீரைப் பங்கிடுவதில் கமக்காரர் அமைப்பின் இடத்தோடு சேர்த்துக் குடியுரிமைக் கல்வி ஆசிரியர் கற்பிக்கலாம். மூன்று ஆசிரியர்களும் ஒரே வாரத்தில் இதைச் செய்தால் துண்டுகள் பிள்ளையின் மனத்தில் ஒன்றுசேரும்.

வெளியே அழைத்துச் செல்வதற்கு அதிபரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் கட்டாயம். மாரியில் நீர் நிறைந்த குளத்துக்குப் போகவே வேண்டாம். காட்டோரங்களில் அறிமுகமில்லாத பொருள் எதையும் தொடக்கூடாது, எச்சரிக்கைப் பலகையைத் தாண்டக்கூடாது என்பதைப் புறப்படும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

3. மூலாதாரத்தைக் கேள்வி கேட்கப் பழக்குங்கள்.

மூலாதாரம் (கல்வெட்டு, ஆவணம், நாணயம், நேர்ச்சாட்சி போன்று கடந்தகாலத்தை அறிய உதவுபவை) என்பது தரம் 10இன் தொடக்கப் பாடம். அதன் வகைகளைப் பட்டியலாக மனனம் செய்வதோடு வகுப்பு நின்றுவிடுகிறது. ஓர் உண்மையான மூலாதாரத்தை மேசையில் வைத்தால் பாடம் வேறுவிதமாக நடக்கும்.

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஓகஸ்ட் 25இல் அவன் படை முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் கப்டன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக அங்கே நடப்பட்ட ஆங்கிலக் கல் கூறுகிறது. அவன் இறந்த காலம், இடம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். இந்தக் கல்லை நட்டவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர்? கல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை? இதை ஒத்துப்பார்க்க வேறு எந்த ஆதாரம் வேண்டும்? தோற்கடித்ததாகச் சொல்லும் கல் கொன்றதாகச் சொல்லவில்லை என்பதை ஒரு பிள்ளையேனும் கவனித்துவிட்டால், வரலாற்றாசிரியர் செய்யும் வேலையின் முதற் படியில் அந்தப் பிள்ளை கால் வைத்துவிட்டது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலும் இப்படிப் பயன்படும். அரசாங்க அதிகாரி ஒருவர் கண்ட வன்னி அது. அதை எழுதியவர் யார் என்பதையும் பிள்ளைகள் சேர்த்தே வாசிக்க வேண்டும். இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பழைய பாடசாலை மலர்களும் ஊர் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

“இதற்கெல்லாம் நேரம் ஏது, பரீட்சை வருகிறதே” என்பது நியாயமான தயக்கம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அரச உயர்நிலைப் பாடசாலைகள் ஐந்தில், மூலாதாரங்களை ஒப்பிட்டு வாசிக்கும் முறையை ஏறத்தாழ ஆறு மாதம் பயன்படுத்தி ஆய்வு செய்தார்கள். அதன் முடிவுகளை அவிஷாக் ரீஸ்மன் 2012இல் வெளியிட்டார். அந்த மாணவர் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமன்றி, தகவல்களை நினைவில் வைத்திருப்பதிலும் வாசித்து விளங்குவதிலும் வழக்கமான வகுப்பு மாணவரை விஞ்சினார்கள். சிந்திக்கச் செலவிட்ட நேரம் தகவலைக் கெடுக்கவில்லை. தகவல் ஒட்டிக்கொள்ள உதவியது.

4. ஆண்டுகளை ஒரு கேள்வியில் கோத்துவிடுங்கள்.

தரம் 11இல் பிள்ளைகளை மிகவும் குழப்புவது அரசியல் யாப்பு மாற்றங்கள். ஒரே கேள்வியை எல்லா ஆண்டுகளுக்கும் கேளுங்கள்: “இப்போது யாருக்கு வாக்கு?” 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லை. 1910 சீர்திருத்தத்தால் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் கிடைத்தது. 1911இல் நடந்த தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் அதற்குத் தெரிவானார். 1920களில் தெரிவு உறுப்பினர் கூடினர். ஆயினும் சொத்தும் கல்வியும் உள்ளவருக்கே வாக்கு. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அப்படியிருக்க, யாழ்ப்பாணத்தில் நான்கு தொகுதிகள் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது ஏன்? இந்தக் கேள்வியில் வகுப்பு விவாதிக்கத் தொடங்கும். விவாதித்த ஆண்டுகள் பிள்ளையின் நினைவில் நிற்கும்.

5. படம் வாரந்தோறும்.

இலங்கை வெற்றுப் படம் ஒன்றை வாரத்தில் மூன்று நாளாவது 5 நிமிடம் நிரப்பச் செய்யுங்கள். முதலில் நெளுக்குளத்தையும் வவுனியாவையும் குறித்து, அங்கிருந்து மன்னார், கற்சிலைமடு, அனுராதபுரம், திருகோணமலை என விரியட்டும். தெரிந்த புள்ளியிலிருந்து திசையும் தூரமும் பிடிபடும்போது படம் பயமுறுத்தாது. புவியியல் எடுத்த பிள்ளைகளுக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படம் (நிலவுயரம், வீதி, குளம், குடியிருப்பு ஆகியவற்றைக் குறியீடுகளால் காட்டுவது) கையில் கிடைக்கட்டும். அதில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றர். வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரத்தைப் படத்தில் அளந்து, நடந்து பார்த்துச் சரிபார்த்த பிள்ளைக்கு அளவுத்திட்டம் பற்றிய வினா சிரமம் தராது.

6. குடியுரிமைக் கல்வியைச் செயலாக்குங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுவிப்பதைவிட, “எங்கள் ஒழுங்கைக்கு வடிகால் அமைக்கும் திட்டம் உள்ளதா?” என்று பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பத்தை வகுப்பில் வரையச் செய்வது மேல். யாருக்கு எழுதுவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்று தேடும்போதே உள்ளூராட்சி, மாகாண சபை, மத்திய அரசு ஆகியவற்றின் அதிகாரப் பகிர்வு புரிந்துவிடும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு இதையும் குளப்படத்தையும் வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கி ஒட்டிய படங்களின் கோவை தேவையில்லை.

7. விடை எழுதுவதைத் தனியே கற்பியுங்கள்.

‘பெயரிடுக’ என்றால் பெயர் போதும். ‘காரணங்களைக் காட்டுக’ என்றால் ஏன் என்பதற்கான பதில் வேண்டும். ‘விளக்குக’ என்றால் கூற்று, அதற்கான ஆதாரம், இரண்டையும் இணைக்கும் ஒரு வசனம் ஆகிய மூன்றும் வேண்டும். பாடத்தைத் தெரிந்த பிள்ளைகளும் இந்த ஏவற்சொற்களைக் கவனிக்காமல் புள்ளியை இழக்கிறார்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் புள்ளித்திட்டமும் பரீட்சார்த்திகள் விட்ட தவறுகள் பற்றிய அவதானிப்பும் இருக்கின்றன. ஒரு கட்டு மாதிரி வினாத்தாளைவிட அப்படியோர் அறிக்கை பயன் தரும். அதை ஆசிரியர் மட்டும் வாசித்து வைத்துக்கொள்ளாமல், ஒரு வினாவுக்கான பகுதியைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

பல்தேர்வு வினாக்களையும் வேறுவிதமாகக் கையாளுங்கள். ஒரு நாளில் 40 வினா செய்வதற்குப் பதில் 5 வினா செய்து, சரியான விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் பிழை என்று சொல்ல வையுங்கள். ஒவ்வொரு பிழையான விடையும் பாடத்தின் வேறோர் இடத்தில் சரியாக இருக்கும். அந்த இடத்தைத் தேடுவதுதான் மீட்டல்.

40 நிமிடப் பாடவேளையை எப்படிப் பிரிப்பது? முதல் 5 நிமிடம் நினைவுகூர்தல். 20 நிமிடம் மூலாதாரமோ படமோ வைத்துக் கலந்துரையாடல். 10 நிமிடம் ஒரு பந்தி எழுதுதல். கடைசி 5 நிமிடம் கடந்தகால வினா ஒன்று. எல்லா நாளும் இப்படி இயலாது. வாரத்தில் ஒரு பாடவேளையிலாவது செய்யத் தொடங்குங்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது முழு வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யலாம். அதற்கு முன் அவை தேவையில்லை.

வலியுள்ள கடந்தகாலத்தை எப்படி அணுகுவது?

2025, 2026 ஆண்டுகளில் சாதாரண தரம் எழுதும் வயதிலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். போர் அவர்களின் நேரடி நினைவில் இல்லை; வீட்டில் இருக்கிறது. குடும்ப வரலாறு கேட்டு வரச் சொல்லும்போது இதை மறக்கக்கூடாது.

இழப்பைப் பற்றிச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வகுப்பின் முன் எழுப்பிவிடாதீர்கள். நீர், கல்வி, கடை, வீதி, ரயில் போன்ற தலைப்புகளைத் தெரிவு செய்ய விடுங்கள். 1990இல் நின்றுபோன வவுனியாவுக்கு வடக்கான ரயில் சேவை 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. அந்த இடைவெளியில் பயணம் எப்படி நடந்தது என்று தாத்தாவையோ அம்மம்மாவையோ கேட்டு வருவது ஒரு சிறந்த வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி. வவுனியாவில் பலகாலமாக வாழும் குடும்பங்களும், 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களும், பின்னர் வடக்கின் பல ஊர்களிலிருந்து வந்தவர்களும், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களும் இருக்கிறார்கள். யார் எப்போது எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கும்போது யார் முதலில் வந்தவர் என்ற போட்டியாக அது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை கலங்கினால் பேச்சை மெதுவாக நிறுத்தி, பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் தெரியப்படுத்துங்கள். சொல்ல விரும்பாத குடும்பத்தின் மௌனத்தை மதியுங்கள். அதற்காகப் புள்ளி குறைக்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டிய குறுக்குவழிகள்

எதிர்பார்க்கை வினாக்கள்: ‘இந்த முறை இதுதான் வரும்’ என்று விற்கப்படும் தாள்களை நம்பிப் பாடத்தின் பாதியை விட்டுவிடும் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் உடைந்துபோகிறார்கள். பரீட்சைக்கு முன் குறிப்பிட்ட திகதியிலிருந்து மேலதிக வகுப்புகள், கருத்தரங்குகள், இத்தகைய வினாத்தாள் விநியோகம் ஆகியவற்றைப் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு முறையும் தடை செய்கிறது. மீறுவது சட்டச் சிக்கலும்கூட.

ஒரே இலக்கத்தைத் தெரிதல்: ‘தெரியாவிட்டால் மூன்றாவதைக் கீறு’ என்பது வெறும் குருட்டு நம்பிக்கை. தெரியாத வினாவில் நிச்சயம் பிழையான விடைகளை முதலில் வெட்டிவிட்டு மிஞ்சியவற்றில் தெரிவதே முறை.

பத்துத்தரம் எழுதுதல்: பிழைவிட்ட விடையைப் பலமுறை எழுதுவிப்பது கையைக் களைக்க வைக்கும், பிழையின் காரணத்தைக் காட்டாது. ஒருமுறை எழுதி, ஏன் பிழைத்தது என்று ஒரு வசனம் சேர்த்தால் போதும்.

இராமுழுவதும் விழித்தல்: பகலில் கற்றது நினைவில் பதிவதற்கு உறக்கம் வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் இரவு பிளேன்ரீ குடித்து விழித்திருக்கும் பிள்ளை மறுநாள் தெரிந்ததையும் தவறவிடும்.

வல்லாரையும் நினைவு மருந்துகளும்: வல்லாரைச் சம்பல் நல்ல உணவு, பரீட்சைப் புள்ளியை அது கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஞாபகசக்தி மாத்திரை என்று விற்கப்படுபவற்றை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

பெற்றோர் செய்யக்கூடியது

உங்களுக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது “இன்றைக்குப் பாடத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது?” என்று கேளுங்கள். பிள்ளை புத்தகம் பார்க்காமல் உங்களுக்கு விளக்கினால் அதுவே சிறந்த மீட்டல். விளங்காவிட்டால் “எனக்கு விளங்கவில்லை, இன்னொருக்காச் சொல்லு” என்று தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள். இருக்கிற ரியூசன் வகுப்போடு இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன், பாட ஆசிரியரைச் சந்தித்துப் பிள்ளை எந்தப் பகுதியில் புள்ளி இழக்கிறது என்று கேளுங்கள். பல்தேர்வா, படமா, எழுத்து விடையா என்பதைப் பொறுத்துத் தீர்வு வேறுபடும்.

எப்போது உதவி நாட வேண்டும்? வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு வரலாற்று வகுப்பு மட்டும் போதாது; மொழி ஆசிரியரோடு சேர்ந்து வாசிப்பைச் சீர்செய்ய வேண்டும். பரீட்சை என்றதும் தொடர்ந்து தூக்கம் கெடுதல், வயிற்றுவலி, பாடசாலைக்குப் போக மறுத்தல் இருந்தால் கண்டிக்காமல் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரையும், தேவைப்பட்டால் மருத்துவரையும் அணுகுங்கள். முறையை மாற்ற விரும்பும் ஆசிரியர் வலயக் கல்விப் பணிமனையின் பாட ஆலோசகரைக் கேட்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி நூல்களில் செயற்பாடுகள் ஏற்கெனவே தரப்பட்டிருக்கின்றன. பலர் அவற்றைத் திறப்பதில்லை.

அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025இல் கல்விச் சீர்திருத்த முன்மொழிவுகள் பேசப்பட்டபோது வரலாறு கட்டாயப் பாடமாக நீடிக்குமா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், வரலாற்றுப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கைமாற்றாமல் இருப்பது உங்கள் கையில் உள்ளது. நேரசூசியில் அந்தப் பாடவேளைகளைக் காப்பாற்றிக் கொடுங்கள். வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒன்றாக அமர ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். இந்த மாற்றத்துக்குப் பணம் தேவையில்லை. அடுத்த தவணையில் ஒரு வகுப்பில், ஒரு பாட அலகில் தொடங்கிப் பாருங்கள். புள்ளி குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. விளங்கிப் படித்த பிள்ளை எந்த வினாத்தாளையும் எழுதும்.